ஆங்கில வகுப்பில் பாப் பாடலும் கோடைக்காலமும்: பாடமா, பொழுதுபோக்கா?

கேள்வி: மே 3, மாலை

பதின்வயதினருக்கும் பெரியவர்களுக்கும் ஆங்கிலம் கற்பிக்கிறேன். விடுமுறைக்கு முந்தைய வாரத்தில் கோடைக்காலத்தைப் பற்றிய ஒரு பாப் பாடலை ஒலிக்கவிட்டு, வரிகளில் சில சொற்களை நீக்கிக் கோடிட்ட இடங்களை நிரப்பச் சொல்வது எங்கள் வழக்கம். வகுப்பு கலகலப்பாக இருக்கிறது. ஆனால் அடுத்த வாரம் அந்தப் பாடலில் வந்த ஒரு தொடரைக்கூட யாரும் பேச்சில் பயன்படுத்துவதில்லை. பாடலால் மொழி வளரும் என்பது ஆசிரியர்கள் தங்களைத் தாங்களே ஏமாற்றிக்கொள்ளும் கதை என்ற முடிவுக்கு வந்திருக்கிறேன். மறுப்பவர்கள் காரணத்தோடு மறுக்கவும்.

பதில்: மே 3, இரவு

பாதியை ஒப்புக்கொள்கிறேன், பாதியை மறுக்கிறேன். பாடலைக் கேட்டதனாலேயே ஒருவருக்கு ஆங்கிலம் பேச வந்துவிடும் என்பது கதைதான். எத்தனையோ ஆங்கிலப் பாடல்களை மனப்பாடமாகப் பாடக்கூடியவர்கள், ஒரு முகவரியை ஆங்கிலத்தில் விசாரிக்க நேர்ந்தால் வாயடைத்துப் போவதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். ஆனால் நீங்கள் விவரிக்கும் வகுப்பில் நடந்தது என்ன? பாடல் ஒலித்தது, கோடிட்ட இடங்கள் நிரம்பின, விடைகள் சரிபார்க்கப்பட்டன, மணி அடித்தது. பாடலில் இருந்த ஒரு தொடரை எடுத்துத் தன் வாழ்க்கையைப் பற்றிய வாக்கியம் ஒன்றில் வைத்துச் சொல்லும்படி எவரிடமும் கேட்கப்படவே இல்லை. கேட்கப்படாத ஒன்று அடுத்த வாரம் தானாக முளைக்கும் என்று எதிர்பார்ப்பதில் நியாயம் இல்லை.

பாட்டிலிருந்து பேச்சுக்கு ஒரு தொடர் தானாகக் குடிபெயராது. அதைக் குடிபெயர்க்கும் வேலைதான் பாடம். பாடல் அதற்கு வேண்டிய மூலப்பொருள். இந்த ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு வாதாடுகிறேன்.

மே 4, காலை

கோடிட்ட இடங்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. பெரும்பாலான பாடல் தாள்களில் நீக்கப்படும் சொற்களைப் பாருங்கள்: சூரியன், கடற்கரை, முத்தம், இதயம். இவை பாடகர் அழுத்திப் பாடும் சொற்கள்; ஏற்கெனவே தெரிந்தவர் உடனே எழுதிவிடுவார், தெரியாதவர் எத்தனை முறை கேட்டாலும் எழுத மாட்டார். ஆகவே இருவருக்குமே அங்கே கற்க எதுவும் இல்லை. அது பரீட்சை, கேட்கும் திறனை வளர்க்கும் பயிற்சி என்று அதைச் சொல்ல முடியாது.

அதற்கு மாற்றாக நான் செய்வனவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது, எதுகையை ஊகிக்கச் செய்வது. ஆங்கிலப் பாடல் வரிகளில் ஒலியொப்புமை பெரும்பாலும் வரியின் கடைசியில் வருவதால், முதல் வரியை முழுவதும் கேட்கவிட்டு, அடுத்த வரியின் இறுதிச் சொல்லுக்கு முன்னால் ஒலியை நிறுத்திவிட்டால், மாணவர்கள் பொருளையும் ஒலியையும் ஒருசேரத் தேடத் தொடங்குகிறார்கள். அவர்கள் சொல்லும் விடைகளில் சில, பாடலாசிரியர் எழுதியதைவிட நன்றாக இருக்கும். இன்னொரு முறை, வரிகளைத் துண்டுச்சீட்டுகளாக வெட்டிக் கலைத்துக் கொடுத்து, பாடல் ஒலிக்கும் முன்பே கதையின் போக்கை வைத்து அடுக்கச் சொல்வது. பிறகு பாடல் ஒலிக்கும்போது அவர்கள் கேட்பது தங்கள் ஊகம் சரியா என்பதை அறிய. ஆசிரியருக்காகக் கேட்பதற்கும் இதற்கும் உள்ள வேறுபாடு முகத்திலேயே தெரியும். மூன்றாவது, பாடலில் இல்லாத இரண்டு வரிகளை நாமே எழுதி இடையில் செருகிவிட்டு, போலியைக் கண்டுபிடிக்கச் சொல்வது. என் போலி வரியே உண்மையான வரி என்று வகுப்பே ஒருமனதாகத் தீர்ப்பளித்த நாளில் எனக்கு உண்டான பெருமிதத்தை இங்கே பதிவு செய்துவைக்கிறேன்.

மே 4, பிற்பகல்

எந்தக் கோடைப் பாடல் எதற்கு உதவும் என்று கேட்டிருக்கிறார்கள். பட்டியலாகப் போட விருப்பமில்லை. எனினும் சிலவற்றைச் சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை.

1978இல் வெளிவந்த கிரீஸ் திரைப்படத்தின் சம்மர் நைட்ஸ் பாடல், இறந்தகாலம் கற்பிப்பதற்கென்றே செய்யப்பட்டதோ என்று தோன்றும். ஒரே கோடைக்காலக் காதலை ஆண் தன் நண்பர்களிடம் ஒரு விதமாகவும், பெண் தன் தோழிகளிடம் வேறு விதமாகவும் சொல்கிறார்கள். கேட்பவர்கள் இடைவிடாமல் மேலும் மேலும் சொல்லும்படி தூண்டுகிறார்கள். வகுப்பை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு அவன் கூற்றையும் மறுபாதிக்கு அவள் கூற்றையும் மட்டும் கொடுத்து, உண்மையில் நடந்தது என்ன என்று இருவர் இருவராக விசாரிக்கச் சொன்னால், ஒரு மணி நேரம் கேள்வி வாக்கியங்களிலேயே ஓடிவிடும்.

கிளிஃப் ரிச்சர்டின் 1963ஆம் ஆண்டுப் பாடலான சம்மர் ஹாலிடே, முன்பே தீர்மானித்த பயணத்தைத் தொடர் நிகழ்கால வடிவத்தில் சொல்வதற்கு எளிய சான்று. அதே ஆண்டில் வந்த பீச் பாய்ஸ் குழுவின் சர்ஃபின் யு.எஸ்.ஏ., நடக்க வாய்ப்பில்லாத ஒன்றைக் கற்பனை செய்யும் நிபந்தனை வாக்கியத்தோடுதான் தொடங்குகிறது. தொடக்கம் முடிந்ததும் கடற்கரைகளின் பெயர்கள் வரிசையாக வரத் தொடங்கிவிடும். அந்த இடத்தில் நிறுத்திவிடுவது நல்லது. லவின் ஸ்பூன்ஃபுல் குழுவின் சம்மர் இன் தி சிட்டி (1966) கடலே இல்லாத கோடை. பகலின் புழுக்கத்தையும் இரவின் விடுதலையையும் எதிரெதிரே வைப்பதால் ஒப்பிட்டுப் பேசும் பயிற்சிக்கு ஏற்றது.

பலர் கோடைப் பட்டியலில் சேர்க்கும் ஹியர் கம்ஸ் தி சன் (பீட்டில்ஸ், 1969) உண்மையில் குளிர்காலம் முடிவதைப் பற்றியது. ஜார்ஜ் ஹாரிசன் அதை எழுதியது வசந்தகாலத்தில். ஆனால் முன்பே தொடங்கி இன்றுவரை நீடித்த ஒரு நிலையைச் சொல்லும் முற்று நிகழ்கால வடிவம் அதில் திரும்பத் திரும்ப வருவதால், பருவம் தவறினாலும் பாடம் தவறவில்லை என்று நானும் சேர்த்துக்கொள்வதுண்டு.

மே 6

ஆய்வுச் சான்று உண்டா என்ற கேள்விக்கு: உண்டு, ஆனால் அது எவ்வளவு தூரம் செல்லும் என்பதைக் கவனித்துப் பயன்படுத்த வேண்டும்.

ஆய்வாளர்கள் கேரன் லட்கி, ஃபெர்னாண்டா ஃபெரேரா, கேட்டி ஓவரி ஆகியோர் 2014இல் வெளியிட்ட ஆய்வில், 60 பெரியவர்களுக்கு அவர்கள் அறியாத ஹங்கேரிய மொழியின் 20 தொடர்களைப் 15 நிமிடங்களில் கற்பித்தார்கள். ஒரு பிரிவினர் கேட்டதைப் பேசித் திருப்பிச் சொன்னார்கள், ஒரு பிரிவினர் தாளத்தோடு பேசினார்கள், மூன்றாம் பிரிவினர் பாடினார்கள். பிறகு அந்தத் தொடர்களை நினைவிலிருந்து ஹங்கேரிய மொழியில் சொல்லவைத்த தேர்வுகளில் பாடியவர்களே முந்தினார்கள். நமக்கு மகிழ்ச்சிதான். ஆனால் அவர்கள் பாடியவை சின்னஞ்சிறு தொடர்கள். இசைக்கருவிகளின் இரைச்சலுக்கு நடுவே ஓடும் பாப் பாடல் அன்று. மேலும் அவர்கள் தாமே வாய்திறந்து பாடினார்கள். உட்கார்ந்து கேட்டுத் தாளை நிரப்பியவர்களைப் பற்றி அந்த ஆய்வு எதையும் சொல்லவில்லை.

இன்னொன்று டிம் மர்ஃபி 1992இல் வெளியிட்டது. ஆங்கிலப் பாப் பாடல்கள் 50ஐ எடுத்து அவற்றின் மொழியை ஆராய்ந்த அவர், அவை சாதாரணப் பேச்சின் வேகத்தில் ஏறத்தாழப் பாதி வேகத்தில் செல்வதையும், திரும்பக் கூறல் மிகுந்திருப்பதையும், நான் என்றும் நீ என்றும் பேசிக்கொண்டே அந்த நானும் நீயும் யார், எங்கே, எப்போது என்பதைச் சொல்லாமல் விடுவதையும் காட்டினார். எனக்கு முக்கியமாகப் படுவது இந்தக் கடைசிச் செய்திதான். பெயரில்லாத அந்த நான் என்ற இடத்தில் கேட்பவர் எவரும் ஏறி உட்கார்ந்துகொள்ளலாம்; ஊரும் நாளும் குறிக்கப்படாத நிகழ்ச்சிக்குத் தன் ஊரையும் நாளையும் கொடுத்துக்கொள்ளலாம். பாடநூல் உரையாடலில் வரும் பெயர் சூட்டப்பட்ட இருவருக்கு நடுவில் நுழைய இந்த வசதி கிடையாது. முதல் நாள் குடிபெயர்ப்பது என்று சொன்னேனே, அதற்கான காலி இடத்தைப் பாப் பாடல் தானே ஒதுக்கி வைத்திருக்கிறது. நாம் அதைக் கோடிட்ட இடங்களால் நிரப்பிவிடுகிறோம்.

மே 7

உச்சரிப்புக்குப் பாடல் நல்லது என்று ஒருவர் எழுதியிருப்பதை அப்படியே ஏற்க இயலவில்லை. யாப்பில் ஓசை குறையும் இடத்தில் அளபெடை வந்து நிரப்புவதை நாம் படித்திருக்கிறோம். அப்படி நீட்டி ஒலிப்பது செய்யுளுக்கு உரியது என்பதும் நமக்குத் தெரியும், கடைவீதியில் யாரும் அளபெடையோடு பேசுவதில்லை. ஆங்கிலப் பாடலிலும் இதுவே நடக்கிறது. பேச்சில் கண்ணிமைக்கும் நேரத்தில் மழுங்கி மறையும் அசை, மெட்டில் நீண்ட சுரத்தின்மேல் விழுந்துவிட்டால் குறில் நெடிலாகி, அழுத்தம் இல்லாத இடம் அழுத்தம் பெற்றுவிடும். ஆங்கிலப் பேச்சின் உயிரோட்டமே எந்த அசை அழுந்துகிறது, எது மழுங்குகிறது என்பதில் இருக்கும்போது, பாடலை அழுத்தத்துக்கு முன்மாதிரியாக வைப்பது மாணவரை வேறு திசையில் அனுப்புவதாகும். எல்லா அசைகளையும் ஏறக்குறைய ஒரே அளவில் ஒலிக்கும் தாய்மொழியிலிருந்து வருபவர்களுக்கு இது கூடுதல் இடர்.

பாடகரின் சாயலும் ஒரு சிக்கல். பிரிட்டிஷ் பாப் பாடகர்கள் பாடும்போது மட்டும் அமெரிக்க உச்சரிப்பின் கூறுகளை ஏற்றுக்கொள்வதை மொழியியலாளர் பீட்டர் டிரட்கில் 1983இல் விரிவாக எழுதினார். பீட்டில்ஸ் குழுவின் தொடக்கப் பாடல்களில் மிகுந்திருந்த அந்தச் சாயல் பின்னாளில் குறைந்துகொண்டே வந்ததையும் அவர் காட்டினார். ஆகவே, இந்தப் பாடகர் இந்த நாட்டவர், எனவே இது அந்நாட்டு உச்சரிப்பு என்று மாணவர்களிடம் சொல்லிவிடாமல் இருப்பது பாதுகாப்பு.

அப்படியென்றால் ஒலிக்குப் பாடலால் பயனே இல்லையா? ஒரு பயன் உறுதியாக உண்டு: சொல்லும் சொல்லும் ஒட்டிக்கொள்வது. ஒரு சொல்லின் இறுதி மெய்யோடு அடுத்த சொல்லின் முதல் உயிர் சேர்ந்து ஒரே அசையாவது தமிழருக்குப் புதிதன்று. உடல்மேல் உயிர் வந்து ஒன்றுவது இயல்பே என்று நன்னூலிலேயே படித்ததுதான். ஆங்கிலத்திலும் அது நடக்கிறது என்பதை எழுத்தில் மறைந்திருப்பதால் மாணவர்கள் உணர்வதில்லை, பாடலில் உணர்கிறார்கள். ஒரு வரியை மட்டும் எடுத்து, பாடாமல் பேச்சு வேகத்தில் நானும் சொல்லி, பிறகு பாடகரின் குரலிலும் கேட்கவைத்து, எங்கே ஒட்டியது, எங்கே நீண்டது, எது பேச்சுக்கு உரியது, எது மெட்டுக்கு உரியது என்று குறிக்கச் சொல்வேன். இந்தப் பகுப்பைச் செய்யக் கற்றவர்களைப் பாடலின் அளபெடை பிறகு ஏமாற்றுவதில்லை.

மே 8

ஒரு எச்சரிக்கை. தலைப்பை மட்டும் சொல்லி வீட்டில் கேட்டு வாருங்கள் என்று அனுப்பாதீர்கள். குரூயல் சம்மர் என்ற பெயரில் பனனராமா குழுவின் 1983ஆம் ஆண்டுப் பாடலும் உண்டு, டெய்லர் ஸ்விஃப்ட் 2019இல் வெளியிட்ட முற்றிலும் வேறான பாடலும் உண்டு. என் வகுப்பில் வயது நாற்பதைக் கடந்தவர்கள் ஒன்றையும் மற்றவர்கள் மற்றொன்றையும் ஆயத்தம் செய்துகொண்டு வந்து, பல்லவி எது என்பதிலேயே வழக்காடினார்கள். அன்றைக்குத் திட்டமிட்ட பாடம் நடக்கவில்லை. அதைவிட நல்ல விவாதம் ஆங்கிலத்தில் நடந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

மே 10

கோடைக்காலம் என்ற கருப்பொருளுக்கு வருகிறேன். பாடலைவிட இதில்தான் ஆசிரியர்கள் குறைவாக யோசிக்கிறார்கள் என்பது என் எண்ணம்.

ஆங்கிலப் பாப் பாடல்களில் வரும் கோடை, வடக்கு மிதவெப்ப நாடுகளின் கோடை. ஜூனில் தொடங்கி ஆகஸ்டில் முடிகிறது. லண்டன் போன்ற நகரத்தில் ஜூன் மூன்றாம் வாரத்தில் பகல் 16 மணி நேரத்துக்கு மேல் நீள்கிறது. அந்த நீண்ட மாலைதான் பாதிப் பாடல்களின் களம். பள்ளி மூடியிருக்கும், கடல் அழைக்கும், யாரோ ஒருவரைச் சந்திப்பார்கள், இலை உதிரத் தொடங்கும்போது பிரிவார்கள். வெயிலுக்காக ஏங்குவதும், வெயில் போவதற்காக அழுவதும் அங்கே இயல்பு.

தெற்கு அரைக்கோளத்தில் கோடை டிசம்பர் முதல் பிப்ரவரி வரை; கிறிஸ்துமஸ் வெயிலில் வருகிறது. நிலநடுக்கோட்டை ஒட்டிய நாடுகளில் ஆண்டின் பகுதிகளை மழை வருவதையும் நிற்பதையும் வைத்துக் கணக்கிடுகிறார்கள். வெயிலை விரும்பித் தேடுவது என்பதே சிலருக்கு விளங்காத செயல். இவர்கள் எல்லோரும் ஒரே வகுப்பில் உட்கார்ந்திருக்கும்போது, கோடை என்றதும் உங்களுக்கு நினைவுக்கு வரும் ஐந்து இனிய சொற்களை எழுதுங்கள் என்று கேட்டால், பாடநூலில் இருக்கும் ஐந்து சொற்கள்தான் திரும்பி வரும். ஏனெனில் அதுதான் எதிர்பார்க்கப்படும் விடை என்று அவர்களுக்குத் தெரியும்.

நான் இதைத் தலைகீழாக்கிப் பார்த்தேன். பாடலைக் கேட்ட பிறகு, இந்தப் பாடகருக்குக் கோடை என்றால் என்ன, அவர் எதை எதிர்பார்க்கிறார், எதற்குப் பயப்படுகிறார் என்று முதலில் கேட்டேன். பிறகு, உங்கள் ஆண்டில் இதே எதிர்பார்ப்பு எந்த மாதத்தில் வருகிறது என்று கேட்டேன். ஒருவர் முதல் மழை பெய்யும் வாரத்தைச் சொன்னார். இன்னொருவர் வேலைக்கு வெளிநாடு சென்ற உறவினர்கள் ஊர் திரும்பும் காலத்தைச் சொன்னார். ஒருவர் தனக்கு அப்படி ஒரு காலமே இல்லை, வெப்பம் தணியும் இரவு நேரம்தான் உண்டு என்றார். அப்போது அவர்களுக்குத் தேவைப்பட்டவை, வழக்கமாக இப்போது நடப்பது, முன்பெல்லாம் நடந்தது, இரண்டையும் ஒப்பிடும் வடிவங்கள். பாடலில் அவை இருந்தன. தேவை எழுந்த பிறகு எடுத்துக்கொடுத்ததால் எடுத்துக்கொண்டார்கள்.

அமெரிக்க இசையமைப்பாளர் கெர்ஷ்வினின் சம்மர்டைம் பாடலை இங்கே நினைக்கிறேன். 1935இல் அரங்கேறிய போர்கி அண்ட் பெஸ் என்ற இசைநாடகத்தில், ஏழைகள் வாழும் கடலோரக் குடியிருப்பில் ஒரு தாய் குழந்தையை உறங்கவைக்கப் பாடும் தாலாட்டு அது. வாழ்க்கை எளிதாக இருக்கிறது என்று அவள் சொல்வதற்கும் அவள் வாழும் வாழ்க்கைக்கும் இருக்கும் தூரத்தைப் பற்றி ஆங்கிலத்தில் நடுத்தர நிலையில் உள்ள மாணவர்கள்கூடப் பேசுகிறார்கள். கோடைப் பாடல் என்றாலே குதூகலம் என்ற எண்ணத்தைக் கலைக்க இதைவிடப் பொருத்தமான ஒன்று எனக்குக் கிடைக்கவில்லை. எல்லா ஃபிட்ஸ்ஜெரால்ட் என்ற பாடகியும் லூயி ஆம்ஸ்ட்ராங்கும் சேர்ந்து பாடியதையும், ஜானிஸ் ஜாப்ளின் 1968இல் பாடியதையும் அடுத்தடுத்துக் கேட்கவைத்தால், ஒரே சொற்களை எவ்வளவு வேறுபட்ட மனநிலையில் சொல்லலாம் என்பது விளக்கம் இல்லாமலேயே புரிகிறது. ஒரே உரையைச் சலிப்பில்லாமல் திரும்பவும் கேட்கவைக்கவும் இது வழி.

மே 11

மே 4ஆம் நாள் கோடிட்ட இடங்களைப் பற்றி எழுதியதை மீண்டும் படித்தேன். கொஞ்சம் கடுமையாகவே இருக்கிறது. நீக்குவதற்கு எடுக்கும் சொற்களை மாற்றினால் அதே தாள் நன்றாக வேலை செய்யும் என்பதையும் சேர்த்துக்கொள்கிறேன். அழுத்தமாக ஒலிக்கும் பெயர்ச்சொற்களை விட்டுவிட்டு, மழுங்கி ஒலிக்கும் முன்னிடைச் சொற்களையும் துணைவினைகளையும் நீக்குங்கள். அவற்றைக் காதால் மட்டும் பிடிக்க முடியாது. இலக்கணத்தால் ஊகித்து, காதால் உறுதி செய்ய வேண்டும். அந்தக் கூட்டு வேலைதான் உண்மையான கேட்டல். இருந்தாலும், தாளில் இருபது கோடுகள் வேண்டாம். பேனா ஓடிக்கொண்டிருக்கும்போது காது வேலை செய்வதில்லை.

மே 12

தவறாகக் கேட்பதைப் பற்றி ஒரு சிறு குறிப்பு. மாணவர்கள் பாடல் வரியைத் தவறாகக் கேட்டால் வெட்கப்படுகிறார்கள். ஆங்கிலத்தையே தாய்மொழியாகக் கொண்டவர்களும் காலங்காலமாகப் பாடல்களைத் தவறாகக் கேட்டு வந்திருக்கிறார்கள். சில்வியா ரைட் என்ற அமெரிக்க எழுத்தாளர், சிறுவயதில் தாய் வாசித்துக் காட்டிய பழைய கதைப்பாடலில் ஒரு தொடரை ஒரு பெண்மணியின் பெயராகவே எண்ணியிருந்ததை 1954இல் கட்டுரையாக எழுதி, இத்தகைய தவறுகளுக்கு ஆங்கிலத்தில் ஒரு பெயரையே நிலைக்கச் செய்துவிட்டார். இதைச் சொன்ன பிறகு, என்ன கேட்டீர்களோ அதை அப்படியே பலகையில் எழுதுங்கள் என்று கேட்டால் தயக்கம் குறைகிறது. அந்தத் தவறான வரிகளை நான் அழிப்பதில்லை. ஒலிகள் எங்கே பிரிக்கப்பட்டன, எந்த உயிரெழுத்து வேறொன்றாகக் கேட்டது என்பதற்கு அவற்றைவிட நேர்மையான சான்று வேறு இல்லை.

மே 15

பெரியவர்கள் வகுப்பில் பாட மறுக்கிறார்கள் என்று எழுதியிருந்தவருக்கு: வற்புறுத்த வேண்டாம். குழந்தைகளுக்குப் பாடுவது விளையாட்டு. நாற்பது வயதுக்காரருக்கு, அதுவும் அறிமுகமில்லாதவர்கள் முன்னிலையில், அது மானப் பிரச்சினை. லட்கியின் ஆய்வைக் காட்டிப் பாடச் சொல்வது கொடுமை.

பாடாமல் தாளத்தோடு சொல்லவைப்பது நடுவழி. அமெரிக்க ஆசிரியை கரோலின் கிரகாம் ஜாஸ் தாளத்தில் அன்றாட ஆங்கிலத் தொடர்களை அமைத்து 1978இல் வெளியிட்ட பயிற்சிகள் இதற்கு நல்ல முன்னோடி. அவற்றில் அழுத்தம் பேச்சில் விழும் இடத்திலேயே தாளமும் விழும். அதனால் மே 7இல் நான் சொன்ன அளபெடைச் சிக்கல் அங்கே எழாது. பாப் பாடலின் பல்லவியையும் அவ்வாறே மெட்டை நீக்கி, மேசையில் மெல்லத் தட்டிக்கொண்டு, பேச்சு அழுத்தத்தில் சொல்லவைக்கலாம். தட்டத் தொடங்கினால் பெரியவர்களும் பத்து நிமிடத்தில் தலையசைக்கத் தொடங்குவார்கள், அதைக் கண்டுகொள்ளாதது போல இருந்துவிடுவது ஆசிரியரின் கடமை.

மே 19

இலக்கணப் பிழையுள்ள பாடல்களைத் தவிர்க்க வேண்டுமா? எடி காக்ரனின் சம்மர்டைம் புளூஸ் (1958) இரட்டை எதிர்மறையும் பேச்சுக் குறுக்கங்களும் நிறைந்தது. கோடை விடுமுறையிலும் வேலை செய்தே ஆகவேண்டிய இளைஞனின் புலம்பலை இலக்கணச் சுத்தமாக எழுதினால் யார் கேட்பார்கள்? நான் அதைத் தவிர்ப்பதில்லை. ஆனால் திருத்தி எழுதுங்கள் என்றும் சொல்வதில்லை. இந்த இளைஞன் தன் முதலாளிக்கு இதையே கடிதமாக எழுதினால் எப்படி எழுதுவான் என்று கேட்கிறேன். பேச்சுத் தமிழுக்கும் எழுத்துத் தமிழுக்கும் இடையே நாள்தோறும் தாண்டிப் பழகிய நமக்கு, ஆங்கிலத்திலும் அப்படி இரண்டு கரைகள் உண்டு என்பதை விளக்கத் தேவையே இல்லை.

தேர்வுக்குப் படிக்கும் மாணவர்களிடம் மட்டும் ஒரு வரி கூடுதலாகச் சொல்லிவிடுங்கள்: இதைக் கேட்டால் புரிய வேண்டும், விடைத்தாளில் எழுதக் கூடாது.

மே 24

நிறைய பேசிவிட்டேன், ஒரு பாடம் தொடக்கத்திலிருந்து முடிவுவரை எப்படி நடக்கிறது என்று கேட்டிருக்கிறார்கள். சம்மர் நைட்ஸ் பாடலை எடுத்துக்கொள்கிறேன்.

பாடலுக்கு முன், ஒரே நிகழ்ச்சியை இரண்டு பேரிடம் இரண்டு விதமாகச் சொன்ன அனுபவம் உண்டா என்று கேட்டு, இரண்டு மூன்று பேரைப் பேசவிடுகிறேன். தடுமாறிப் பேசினாலும் திருத்துவதில்லை. எங்கே மொழி போதவில்லை என்பதைக் குறித்துக்கொள்கிறேன். முதல் முறை பாடலைத் தாள் இல்லாமல் கேட்கிறார்கள், கேள்வி ஒன்றே: இருவரில் யார் மிகைப்படுத்துகிறார்? இரண்டாம் முறை, ஆளுக்குப் பாதிக் கூற்று கொண்ட தாளோடு. அதன்பின் ஒருவரை ஒருவர் விசாரித்தல். இதுவரை எல்லோரும் செய்வதுதான்.

அடுத்துள்ள பகுதியைத்தான் பலர் நேரமின்மையால் விட்டுவிடுகிறார்கள். தாளைக் கவிழ்த்து வைக்கச் சொல்கிறேன். பாடலில் நினைவில் நிற்கும் மூன்று தொடர்களை மட்டும், சொல்லுக்குச் சொல் சரியாக, எழுதச் சொல்கிறேன். பாடல் தந்த மெட்டு இங்கே கைகொடுக்கிறது; அது இல்லாவிட்டால் இந்த நேரத்துக்குள் ஒரு தொடரும் முழுதாக நினைவில் நிற்காது. பிறகு அந்த மூன்று தொடர்களையும் வைத்துத் தன் சொந்த விடுமுறை ஒன்றைப் பக்கத்தில் இருப்பவரிடம் சொல்ல வேண்டும். பெயர், இடம், காலம் ஆகியவற்றை மாற்றலாம், வாக்கிய அமைப்பை மாற்றக் கூடாது. கேட்பவர் பாடலில் வரும் நண்பர்களைப் போல இடைமறித்து மேலும் கேட்க வேண்டும். பின்னர் ஆள் மாற்றி, அதே கதையை இன்னொருவரிடம், கொஞ்சம் மிகைப்படுத்தி. மூன்றாவது முறை சொல்லும்போது தொடர்கள் மெட்டைக் கழற்றிவிட்டுப் பேச்சின் ஏற்ற இறக்கத்துக்கு வந்திருப்பதைக் கேட்க முடியும்.

ஒரு வாரம் கழித்து, பாடலை ஒலிக்கவிடாமல், வார இறுதியில் என்ன செய்தீர்கள் என்று மட்டும் கேட்கிறேன். எல்லோரும் அந்தத் தொடர்களைப் பயன்படுத்துவதில்லை. சிலர் பயன்படுத்துகிறார்கள், பயன்படுத்தியதை உணர்ந்து சிரிக்கிறார்கள். முதல் கேள்வியை எழுதியவருக்கு என்னால் தரக்கூடிய சான்று இவ்வளவுதான்.

மே 25

மேலே சொன்னதில் ஒன்று விட்டுப்போயிற்று. பாடலின் மெட்டுக்குப் புதிய வரிகள் எழுதவைப்பது பற்றிக் கேட்டிருந்தார்கள். மெட்டுக்குப் பாட்டெழுதுவது நம்மில் பலருக்குத் திரைப்பாடல் வழியாகவே பழக்கமான கலை என்பதால் ஆசையோடு தொடங்குவார்கள். ஆனால் ஆங்கிலத்தில் அசைகளை எண்ணிச் சொல் தேடும் வேலை, நடுத்தர நிலைக்குக் கீழே உள்ளவர்களை மணிக்கணக்கில் மௌனமாக்கிவிடுகிறது. நல்ல நிலையில் உள்ளவர்களுக்கு மட்டும், அதுவும் பல்லவியில் ஒரு வரியை மாற்றுவதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

ஜூன் 2

சில்லறைச் செய்திகள். இணையத்தில் கிடைக்கும் பாடல் வரிகளில் பிழைகள் மலிந்திருக்கின்றன. தாள் அச்சிடும் முன் ஒரு முறை காதால் சரிபாருங்கள். வரிகள் திரையில் ஓடும் காணொளியை முதல் முறையே காட்டிவிட்டால் அது வாசிப்புப் பயிற்சியாகிவிடும், யாரும் கேட்க மாட்டார்கள். பாடலின் முழு வரிகளையும் பொதுவெளியில் பகிர்வது பதிப்புரிமைச் சட்டத்துக்கு உட்பட்டது. வகுப்புக்கு வேண்டிய சில வரிகளோடு நிறுத்திக்கொள்வது பாடத்துக்கும் நல்லது. கொச்சையான இரட்டைப் பொருள் கோடைப் பாடல்களில் சற்று அதிகம். பதின்வயதினர் அதை உங்களுக்கு முன்பே கண்டுபிடித்துவிடுவார்கள் என்பதால், வகுப்புக்கு எடுத்துச் செல்லும் முன் கடைசிச் சரணம் வரை கேட்டுவிடுங்கள்.

இருபது நிமிடம்தான் இருக்கிறது, என்ன செய்வது என்று நேற்றுக் கேட்டவருக்கு: சரணங்களை விட்டுவிட்டுப் பல்லவியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு முறை கேட்கவையுங்கள், ஒரு தொடரை மட்டும் தேர்ந்தெடுங்கள், தாளே கொடுக்காதீர்கள். மீதமுள்ள பன்னிரண்டு பதின்மூன்று நிமிடமும் அந்த ஒரு தொடரை வைத்து இருவர் இருவராகப் பேசட்டும்.